கையகல வெளிச்சம்

விளிம்பு நிலையம், கசம் பள்ளம், நிலவின் தென்முனை.
எழுதுபவர்: ஜெசிந்தா பர்னாந்து, ஒளியுணரிப் பிரிவு.

நாள் 211 · 07:10

காலைச் சோதனை முடிந்தது. லேசர் சீர். சூரியத் தகடுகள் சீர். ஒளிவால்வின் வெப்பம் இருக்க வேண்டியதைவிட அதிகம். மூன்றாவது வாரமாக இதையே எழுதுகிறேன்.

எனக்குப் பிறகு இந்த அறைக்கு வருபவருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த விளிம்பில் வெயில் மறைவது அபூர்வம். கீழே பள்ளத்தில் வெயில் விழுந்ததே இல்லை; பனி பாறையோடு பாறையாக உறைந்து கிடக்கிறது. நாங்கள் மேலிருந்து லேசரை அனுப்பி அதைப் பாளம் பாளமாக அறுக்கிறோம். கீழே இருப்பவர்கள் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தண்ணீராக்குகிறார்கள்.

லேசர் எங்கே விழலாம், எங்கே விழக் கூடாது என்பதை முடிவு செய்வது ஒளிவால்வு. உள்ளங்கை அளவுக் கண்ணாடி அடுக்கு. ஒரு பக்கம் நான் வடிவமைத்த சிலிக்கான் படலம், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. மறுபக்கம் திரவப் படிகம். படலத்தின் மீது சின்ன விளக்கால் ஒரு கோடு வரைந்தால், வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் சிலிக்கான் மின்சாரத்தை விடும். அந்த இடத்துத் திரவப் படிகம் திரும்பிக்கொள்ளும். அங்கே படும் லேசர் மட்டும் பள்ளத்துக்குப் போகும். மிச்சமெல்லாம் குளிர்தொட்டிக்குள் போய் வீணாகும். மேசையில் நான் வரைகிற கோடு கீழே பனியில் நெருப்பாக விழும்.

மேலே மூன்று பேர். நான், நிலையத் தலைவர் திருமலையப்பன், மின்சாரம் பார்க்கும் உமர். உமர் காயல்பட்டினம். நான் தூத்துக்குடி. அந்த அக்கம்பக்கத்து உரிமையில் என்னை அக்கா என்பான். கீழ்த்தளத்தில் ஏழு பேர். அவர்களுக்கு மேஸ்திரி பேச்சித்தாய்.

தலைவர் லேசரின் திறனை இன்னும் கூட்டச் சொல்கிறார். கூட்டினால் படலம் சூடாகும். சூடானால் இருட்டிலும் மின்சாரம் கசியும். கசிந்தால் படத்தின் ஓரம் கலைந்து பக்கவாட்டில் பரவும். எழுதியே கொடுத்தேன். “பாத்துக்கலாம் டாக்டர்” என்றார்.

நாள் 214 · 11:30

ஓரம் கலைந்தது.

நான் வரைந்தது நேர்கோடு. கீழே அது இடப்பக்கம் ஒரு கதவு அகலத்துக்குப் பரவி விழுந்தது. நிற்கலாம் என்று நாங்களே குறித்துக் கொடுத்த இடத்தில் இசக்கிமுத்து நின்றிருந்தான்.

பதிவான பேச்சு:

பேச்சித்தாய்: “நிப்பாட்டுங்க. டாக்டரம்மா, நிப்பாட்டுங்க. ஆளு மேல விழுது.”

நான்: “அணைச்சாச்சு. யாரு மேல?”

பேச்சித்தாய்: “இசக்கிமுத்து. முட்டிக்குக் கீழ ஒண்ணுமில்ல. உடுப்புல காத்து நிக்கல. கையால அமுக்கிப் பிடிச்சிருக்கேன், நிக்க மாட்டேங்கு.”

அதன் பிறகு அவள் எங்களிடம் பேசவில்லை. அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். இசக்கி, இசக்கி, இங்க பாரு, என்னப் பாரு. ஒரு கட்டத்தில் அதுவும் நின்றது.

உமர் மேசையில் தலை கவிழ்ந்து அழுதான். தலைவர் எத்தனை பாளம் அறுந்திருக்கிறது என்று கேட்டார்.

நாள் 215 · 10:00

படலத்தைக் கழற்றிப் பார்த்தேன். காரணம் இரண்டு. லேசரைத் தடுக்கும் கருப்பு அடுக்கு தேய்ந்துவிட்டது. சிலிக்கான் தன் முதுகுப் பக்கத்து லேசரையே பார்த்து ஏமாறியிருக்கிறது. இரண்டாவது, படலம் ஒரே விரிப்பாக இருக்கிறது. ஒரு புள்ளியில் விழுந்த மின்னேற்றம் தரையில் கொட்டிய எண்ணெய் மாதிரி பக்கத்துக்கு ஓடுகிறது.

விரிப்பாக இருக்கக் கூடாது. சின்னச் சின்னத் தீவுகளாக வெட்ட வேண்டும். ஒரு தீவின் மின்சாரம் அடுத்த தீவுக்குத் தாண்டக் கூடாது. பூமியிலிருந்து புறப்படும்போதே கேட்டேன். செலவு என்றார்கள் தலைமையகத்தில்.

கீழே வேலையை நிறுத்திவிட்டார்கள். பேச்சித்தாய் தலைவரிடம் சொன்னது: “புது வால்வு மாட்டுற வரைக்கும் ஒருத்தரும் பனியத் தொட மாட்டோம். இசக்கிய ஊருக்கு அனுப்பணும். பெட்டியில வெச்சு அனுப்பணும், கப்பல்ல இடமில்லன்னு சொல்லக் கூடாது.”

தலைவர் ரேடியோவை அணைத்தார். மாலையில் கீழ்த்தளத்துக்குச் சாப்பாடு இறக்கும் கூண்டு இறங்கவில்லை. உமரிடம் கேட்டேன். இறக்க வேண்டாம் என்று உத்தரவாம்.

நாள் 223 · 16:40

எட்டு நாளாக வேறு நினைப்பில்லை. படலம் தயார்.

மூன்று தடவை தவறியது. முதலாவது தடிமன் கூடிப்போய் மந்தமாகிவிட்டது. விளக்கை நகர்த்தினால் கோடு சோம்பலாகப் பின்னால் வந்தது. இரண்டாவது மெலிந்து போய் வெளிச்சத்தையே பிடிக்கவில்லை. மூன்றாவது வாயு அறையிலேயே உரிந்து சுருண்டது. நான்காவது பிடித்தது. தீவுகளாக வெட்டினேன். கருப்பு அடுக்கை இரட்டிப்பாக்கினேன். உமர் பக்கத்தில் நின்று வெப்பத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொல்லாமல் இது ஆகியிருக்காது.

பள்ளத்துப் பாறைச்சுவரில் சோதித்தோம். ஆள் யாரும் இல்லாத மேற்குப் பக்கம். “இ” என்று எழுதினேன். இசக்கிமுத்துவின் இ. ஒவ்வொரு வளைவும் கையகலத்தில் தனித்தனியாக, ஓரம் கத்தி மாதிரி விழுந்தது.

பேச்சித்தாய்: “தெரியுது டாக்டரம்மா. இது நல்லாருக்கு. இத மொதல்லயே மாட்டிருக்கலாம்லா.”

தலைவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இதை வைத்து ஒரு ஆளின் கையை மட்டும் தொட முடியுமா என்று கேட்டார். கையைத் தொடாமல் கையைச் சுற்றிலும்கூட அறுக்கலாம் என்றேன். பாதுகாப்பைக் கேட்கிறார் என்று நினைத்துப் பெருமையாகச் சொன்னேன்.

நாள் 226 · 09:20

கிடங்கில் இருக்கிறேன். வெளியே பூட்டியிருக்கிறது. கைக்கருவியில் எழுதுகிறேன்.

காலையில் தலைவர் ஆணி அடிக்கும் துப்பாக்கியோடு வால்வு அறைக்கு வந்தார். வெற்றிடத்தில் பலகை அறைய வைத்திருக்கிறோமே, அதுதான். என் கழுத்தில் வைத்துக் கிடங்கு வரை நடத்திக்கொண்டு வந்தார். குரல் உயரவில்லை. “சாயந்தரம் திறந்து விடறேன் டாக்டர். அதுக்குள்ள வேலை ஆரம்பிச்சிரும்” என்றார்.

ஒலிபெருக்கி இங்கேயும் உண்டு. கேட்கிறது.

திருமலையப்பன்: “பேச்சி, கடைசியா கேக்கேன். வண்டிய எடுங்க.”

பேச்சித்தாய்: “சோறு எறக்குங்க. எடுக்கோம்.”

திருமலையப்பன்: “செல்லப்பா எங்க நிக்கான்?”

பேச்சித்தாய்: “எதுக்குக் கேக்கீங்க?”

லேசரின் மின்விசிறிகள் வேகம் எடுப்பது சுவர் வழியாகத் தெரிந்தது. ஏழு மாதமாகக் கேட்கிற சத்தம். கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

09:35

செல்லப்பாவின் தலைக்கவசம். என் படலம் தவறவே இல்லை. பக்கத்தில் நின்றவனின் உடுப்பில் சூடுகூடப் படவில்லையாம். ரேடியோவில் அவர்கள் ஒருவருக்கொருவர் கத்துவதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

09:50

வெள்ளத்துரை. அவன் ஓடினான். ஓடுகிறவனின் பின்னாலேயே தலைவர் விளக்கை நகர்த்தியிருக்கிறார். முதலில் தவறிய அந்த மந்தப் படலமாக இருந்தால் கோடு பின்தங்கியிருக்கும், அவன் தப்பியிருப்பான். மந்தமாக இருந்ததை வேகமாக்கியது நான்.

பேச்சித்தாய்: “தூக்குக்கூண்டுக்குள்ள போங்க. பாறைக்கு அடியில போங்க. அங்க அது எட்டாது. மாரியப்பா, அவன விட்ரு, அவன் போயிட்டான். விட்டுட்டு வா.”

நாள் 226 · 10:45

வெளியே வந்துவிட்டேன். கையெல்லாம் ரத்தம். என்னுடையது இல்லை.

உமர் வால்வு அறைக்கு மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறான். தலைவர் அவன் விலாவில் ஆணி அடித்தார். உமர் ஸ்பேனரால் அவர் முகத்தில் அடித்துப் பல்லை உடைத்தான். நடைவழியெல்லாம் சிந்தியிருந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்துதான் என் கதவைத் திறந்தான்.

கீழே மிச்சமுள்ள நான்கு பேரும் ஆள் ஏறும் தூக்குக்கூண்டில் ஏறி மேலே வருகிறார்கள். கூண்டைக் கீழிருந்தே இயக்கலாம். அதைத் தலைவர் பார்த்துவிட்டார். உடுப்பை மாட்டிக்கொண்டு, வடம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு கப்பி மேடைக்குப் போய்விட்டார். ஒற்றை வடம்தான் கூண்டைத் தாங்குகிறது.

உமரும் போகிறேன் என்றான். விலாவில் ஆணியோடு உடுப்புக்குள் நுழைய நான்தான் உதவினேன். ஆணி உடுப்பைக் குத்தி ஓட்டையாக்காமல் உள்பக்கம் பசைத்துணி ஒட்டினேன். “மின்சாரத்தப் போட்டுட்டேன் அக்கா. நீங்க விளக்குக்குப் போங்க. ஒருவேளை வேணும்” என்றான்.

நாள் 226 · 11:30

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கப்பி மேடை விளிம்பிலிருந்து பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வால்வின் பார்வைக்குள் வரும் இடம். கேமராவில் இரண்டு பேர் தெரிந்தார்கள். இரண்டும் ஒரே ஆரஞ்சு உடுப்பு. இரண்டிலும் புழுதி அப்பியிருந்தது, எண் தெரியவில்லை. முகக்கண்ணாடியில் வெயில் பட்டு இரண்டும் தங்கத்தட்டு மாதிரி ஜொலித்தன. நான்கு கைகளும் ஒரே வாளைப் பிடித்திருந்தன. வாள் வடத்தின் மேல் போய் வந்துகொண்டிருந்தது. அறுப்பவர் யார், தடுப்பவர் யார் என்று அந்த அசைவில் பிரிக்க முடியவில்லை. ஆறு இழையில் நான்கு போய்விட்டது.

வாளைச் சுட்டால் வடமும் போகும்.

நான்: “உமர், ஒரு கையத் தூக்கு.”

இரண்டு பேரும் ஒரு கையைத் தூக்கினார்கள்.

ஒரே அலைவரிசை. அவருக்கும் கேட்கும் என்பதை மறந்துவிட்டேன்.

நான்: “உமர், நீ எந்தப் பக்கம்?”

உமர்: “கூண்டுப் பக்கம்.”

திருமலையப்பன்: “டாக்டர், நாந்தான் கூண்டுப் பக்கம். அவனப் பாத்துச் சுடுங்க. அவன்தான் அறுக்கான்.”

உமர்: “அக்கா, நம்பாதீங்க.”

அவர்கள் சுழன்றுகொண்டே இருந்தார்கள். கூண்டுப் பக்கம் நின்றவர் நிலையப் பக்கம் வந்தார், மறுபடி மாறினார். உமர் சொல்லி முடிப்பதற்குள் அவன் இடம் மாறியிருந்தது. ஐந்தாவது இழை போனது. வடம் ஒரு துள்ளு துள்ளியது. கூண்டுக்குள்ளிருந்து யாரோ அம்மா என்றார்கள்.

உமர்: “பாத்து, அக்கா. பாத்து.”

இரண்டு தலைக்கவசத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்தேன்.

என் தீவுகள் இரண்டும் ஒரே கணத்தில் விழித்தன. இரண்டு பேரும் ஒரே கணத்தில் விழுந்தார்கள். நடுவில் இருந்த வடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒருவர் மேடையிலேயே கிடக்கிறார். ஒருவர் பள்ளத்துக்குள் போய்விட்டார். எது யார் என்று இன்னும் தெரியாது.

நாள் 227 · 08:30

மேடையில் கிடந்தது உமர். உடுப்புக்குள் பசைத்துணி அப்படியே ஒட்டியிருந்தது.

நேற்று முதல் நான்கு பேரும் உள்ளே இருக்கிறார்கள். பேச்சித்தாய், மாரியப்பன், இன்னும் இரண்டு பெண்கள். பத்து நாளுக்கு மேலாகச் சரியாகச் சாப்பிடாதவர்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பேச்சித்தாய் ரேடியோவில் எல்லாம் கேட்டிருக்கிறாள். என் கையைக் கழுவி விட்டாள். நான் கழுவியிருந்தேன், அவள் மறுபடியும் கழுவினாள்.

அந்த “பாத்து” என்ன பாத்து. கவனமாகச் சுடு என்பதா. என்னைச் சுடாதே என்பதா. இருபது தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். மாரியப்பன் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டான்.

நாள் 227 · 14:10

தலைமையகத்திலிருந்து செய்தி. திருமலையப்பன் பெயருக்கு வந்தது. அவர் இறந்தது அவர்களுக்குத் தெரியாது. அப்படியே பதிகிறேன்.

“சோதனை விவரம் கிடைத்தது. காவலர் பன்னிரண்டு பேருடன் கப்பல் புறப்பட்டுவிட்டது. கீழ்த்தளத்தவரில் எவரும் பேசும் நிலையில் எஞ்ச வேண்டாம். மின்பணியாளர் உங்கள் முடிவு. வடிவமைப்பாளருக்கு எந்தச் சேதமும் கூடாது. அந்தப் படலம் மற்ற நிலையங்களுக்கும் தேவைப்படுகிறது.”

சோதனை விவரம். செல்லப்பாவையும் வெள்ளத்துரையையும் அளந்து அனுப்பியிருக்கிறார். எவ்வளவு தூரத்தில், எத்தனை நொடியில், ஓரம் எவ்வளவு சுத்தம்.

சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெண்களில் ஒருத்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

நாள் 228 · 11:00

வடிவமைப்பை அழித்துவிட்டேன். தடிமன், தீவின் அளவு, வாயுக் கணக்கு, எல்லாம். இந்தப் பதிவிலும் எழுதவில்லை. இதைக் கண்டெடுப்பவர் தேட வேண்டாம்.

வால்வில் இருக்கும் ஒரு படலம் மட்டும் மிச்சம். அதை உடைக்கச் சுத்தியலோடு போனேன். பேச்சித்தாய் வாசலில் நின்றாள்.

“உடைச்சிட்டு என்ன செய்வீங்க?”

கப்பலைத் திரும்பிப் போகச் சொல்லலாம் என்றேன். நடந்ததையெல்லாம் பூமிக்குச் சொல்லலாம் என்றேன். பூமிக்குப் போகும் எந்தச் சொல்லும் தலைமையகத்தின் வழியாகத்தான் போகும். அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

“திரும்பச் சொன்னா மலைக்கு அந்தப் பக்கம் எறங்கி நடந்து வருவானுவ. நடந்து வர்றவன ஒவ்வொருத்தனா புள்ளி வப்பீங்களா டாக்டரம்மா? பன்னெண்டு தரம்?”

சுத்தியலை அவளிடம் கொடுத்தேன். அவள் அதைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான் பேசினோம்.

நாள் 229 · 09:00

இறங்குதளம் பள்ளத்துத் தரையில் இருக்கிறது. இறங்கும் கப்பல் கடைசிப் பகுதி முழுவதும் வால்வின் பார்வைக்குள் வரும். எரிபொருள் தொட்டி அடிவயிற்றில், நான்கு காலுக்கும் நடுவில். வரைபடத்தில் பார்த்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

படலத்தைத் துடைத்தேன். தூசி இல்லை. வெப்பம் சரியாக இருக்கிறது. உமர் இருந்தால் சொல்லியிருப்பான்.

மாரியப்பன் வாசலில் நின்று, தப்பினால் ஊருக்கு எப்படிப் போவது என்று கேட்டான். தெரியாது. தண்ணீர் இருக்கிறது, வெயில் இருக்கிறது. சாப்பாடு ஐந்து பேருக்கு எவ்வளவு காலம் வரும் என்று எண்ணவில்லை. எண்ண வேண்டாம் என்று பேச்சித்தாய் சொன்னாள்.

நாள் 229 · 15:20

தெரிகிறது. சின்ன நீலப் பொட்டு. இறங்குகிறது.

ஓட்டுநர்: “விளிம்பு நிலையமுங்களா? எறங்கற எடம் சுத்தமா இருக்குதுங்களா?”

கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரல். இருபத்தைந்து வயது இருக்கலாம். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். யாரோ பாட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஓட்டுநர்: “கேக்குதுங்களா? எனக்கு இது மொதத் தடவைங்க, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எறங்குனதும் சூடா ஒரு டீ கெடைக்குமுங்களா?”

பாத்துச் சொல்லுங்க என்கிறான்.

நான்கு பேரும் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். மூச்சு விடுவது கேட்கிறது. ஒருவரும் என் தோளைத் தொடவில்லை. தொட்டால் எழுந்து போயிருப்பேனோ என்னவோ.

தொட்டி திரையில் பெரிதாகிறது. கையகலத்தைவிடப் பெரிது. தவறவே தவறாது.

விளக்கைத் தொட்டியின் நடுவுக்கு நேராக வைத்துவிட்டேன். இன்னும் ஏற்றவில்லை.

பதில் அனுப்பிவிட்டேன்:

“சுத்தமா இருக்கு தம்பி. டீ போட்டு வைக்கேன். இறங்குங்க.”